பறவைகளின் நாள்காட்டி

நுழையும்முன்

பயணம் செல்ல விரும்புவோர் முதலில் புரட்டுவது வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியையே. எந்த நாளில் விடுமுறை, எத்தனை நாள் விடுமுறை என்பவை அதனால் விளங்கும். காட்டுக்கும் நீர்நிலைக்கும் வேறொரு நாள்காட்டி உண்டு. அதை மழையே எழுதுகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, விடுமுறைப் பயணம் ஒன்றைத் திட்டமிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

குறுகிய விடுமுறை

மத்தியப் பள்ளிகளில் ஆண்டுத் தேர்வு மார்ச் மாதத்தில் முடிகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் புதிய வகுப்பு தொடங்குகிறது. இடையில் கிடைப்பவை சில நாள்களே. வடமாநிலங்களில் குளிர் நீங்கி, வெயில் கடுமையாகும் முன் வரும் இனிய காலம் இது. ஹோலிப் பண்டிகையும் பெரும்பாலும் இக்காலத்தை ஒட்டியே வரும்.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்த விடுமுறையில் சொந்த ஊருக்குச் செல்வது அரிது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதை வழியாக ஏறத்தாழ 2180 கிலோமீட்டர் தொலைவு உள்ளது. விரைவுத் தொடர்வண்டியில் சென்று திரும்புவதற்கே ஏறத்தாழ மூன்று நாள்கள் செலவாகும். ஆகவே, தாத்தா பாட்டியைக் காணும் பயணம் கோடை விடுமுறைக்கு ஒத்திவைக்கப்படுகிறது. மார்ச் மாத நாள்கள் வீட்டிலேயே கழிகின்றன.

இத்தகைய குறுகிய விடுமுறைக்கு ஏற்றது, வாழும் ஊருக்கு அருகிலுள்ள ஓர் இயற்கைப் பூங்காவுக்குச் செல்லும் பயணம். அதற்கு நீண்ட தொலைவு செல்ல வேண்டுவதில்லை, பெருஞ்செலவும் இல்லை. ஆனால், முறையாகத் திட்டமிடாமல் சென்றால், பூட்டிய வாயிலையோ வறண்ட ஏரியையோ கண்டு திரும்ப நேரிடும்.

எந்தப் பூங்கா? எந்தக் காலம்?

இந்தியாவில் காட்டுயிர்களைக் காக்கும் நோக்குடன் 1972-ஆம் ஆண்டில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தேசியப் பூங்காக்களும் காட்டுயிர்ப் புகலிடங்களும் அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்படுகின்றன. 'தேசியப் பூங்கா' என்று பெயர் பெற்றாலும், அதனைப் பராமரிப்பது அந்தந்த மாநிலத்தின் வனத்துறையே ஆகும். எனவே, நுழைவு நேரம், கட்டணம், திறந்திருக்கும் மாதங்கள் ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

உத்தராகண்டில் உள்ள மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் முதல் அக்டோபர் வரை மட்டுமே திறந்திருக்கும். மார்ச் மாதத்தில் அங்குப் பனி மூடியிருக்கும். அசாமின் காசிரங்கா, பிரம்மபுத்திரா பெருக்கெடுக்கும் மழைக்காலத்தில் மூடப்படும். மார்ச்சில் அது திறந்திருக்கும். கார்பெட் பூங்காவின் திக்காலா பகுதி ஜூன் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும். ஆகவே, பயணத் திட்டத்தின் முதல் வினா 'எங்குச் செல்வது?' என்பதன்று, 'இக்காலத்தில் எங்கு என்ன நிகழ்கிறது?' என்பதே.

இவ்வினாவுக்கு விடை காணும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே அறியலாம். இராஜஸ்தான் மாநிலத்தின் பரத்பூர் நகரை ஒட்டி அமைந்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவே அந்த எடுத்துக்காட்டு. இது டெல்லியிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர் தொலைவிலும், ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பது இதன் சிறப்பு. பூங்கா எப்போதும் திறந்திருக்கும்; பறவைகள் எப்போதும் இருப்பதில்லை. இங்குதான் திட்டமிடுதலின் தேவை தொடங்குகிறது.

மனிதர் அமைத்த நீர்நிலை

கேவலாதேவ் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர். அதன் நடுவில் உள்ள சிவன் கோயிலின் பெயரே பூங்காவுக்கு வழங்குகிறது. காண்போருக்கு அது இயற்கையாகத் தோன்றிய சதுப்பு நிலம் போலத் தெரியும். உண்மையில் அது மனிதர் கைபட்டு உருவானது. 18-ஆம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மல் மன்னரின் காலத்தில் அஜான் என்னும் அணை கட்டப்பட்டது. தாழ்வான இந்நிலத்தில் நீர் தேங்கியது. பின்னர், கரைகள் எழுப்பப்பட்டு, மதகுகள் அமைக்கப்பட்டு, நிலம் பல பாத்திகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பாத்தியிலிருந்து மறுபாத்திக்கு நீரைத் திருப்பும் ஏற்பாடு, தமிழ்நாட்டின் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குப் பழக்கமானதே.

ஆனால், இங்கு நீரைத் தேக்கியதன் நோக்கம் பறவைகளைக் காப்பதன்று, வேட்டையாடுவதே. அரசர்களும் ஆங்கிலேய ஆட்சியாளர்களும் இங்கு வாத்து வேட்டை நடத்தினர். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. வேட்டைகளின் கணக்கைப் பொறித்த கல்வெட்டு இன்றும் கோயிலுக்கு அருகில் நிற்கிறது.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறியது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி உள்ளிட்டோர் இந்நீர்நிலையைக் காக்க முயன்றனர். 1981-இல் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. 1982-இல் தேசியப் பூங்காவானது. 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கொல்வதற்காகத் தேக்கிய நீரே காப்பதற்கு உரிய நீரானது.

ஒரே பூங்கா, மூன்று விடுமுறைகள்

வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை ஜூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்கிறது. அப்போது பூங்காவின் பாத்திகளில் நீர் நிறைகிறது. மழை ஓய்ந்தபின் நீர் மெல்ல மெல்லக் குறைந்து, கோடையின் உச்சத்தில் பெரும்பகுதி வறண்டுவிடும். இவ்வாறு ஏறி இறங்கும் நீர்மட்டமே அங்கு வாழும் பறவைகளின் நாள்காட்டி. மாணவர்களின் மூன்று விடுமுறைகளும் அந்நாள்காட்டியின் மூன்று வேறு பக்கங்களில் அமைகின்றன.

அக்டோபரில் தசரா விடுமுறை வருகிறது. நீர் நிறைந்திருக்கும். நீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகளும் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் கூடு கட்டிக் குஞ்சுகளுக்கு இரை ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரே மரத்தில் பல கூடுகள் இருக்கும். குஞ்சுகளின் இரைச்சல் தொலைவிலிருந்தே கேட்கும்.

டிசம்பர் இறுதியில் குளிர்கால விடுமுறை வருகிறது. நாரைக் குஞ்சுகள் வளர்ந்து பறக்கத் தொடங்கியிருக்கும். வடக்கே நடு ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வந்த வாத்துகள் நீர்ப்பரப்பை நிறைத்திருக்கும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, வரித்தலை வாத்து எனப் பல வகைகளைக் காணலாம். முள்ளம்பன்றியின் பழைய வளைகளில் குளிருக்கு ஒதுங்கிய மலைப்பாம்புகள், நண்பகலில் வளைவாயிலில் வெயில் காயும்.

மார்ச் இறுதியில் வசந்தகால விடுமுறை வருகிறது. நாரைக் கூடுகள் வெறுமையாக இருக்கும். வாத்துகளில் பெரும்பாலானவை புறப்பட்டுச் சென்றிருக்கும். எஞ்சியவையும் புறப்பாட்டுக்கு ஆயத்தமாக இருக்கும். நீர்ப்பரப்பு சுருங்கியிருக்கும்.

இவ்வேறுபாட்டை அறியாதவர், டிசம்பர் மாதத்துப் படங்களைக் கண்டு மார்ச் மாதத்தில் சென்று ஏமாற்றம் அடைவர். அறிந்தவரோ, மார்ச் மாதத்துக்கே உரிய காட்சிகளைத் தேடிச் செல்வர்.

மார்ச் மாதத்தில் காணத்தக்கவை

நீர் குறையும்போது மீன்கள் சிறு குட்டைகளில் நெருங்குகின்றன. அவற்றை உண்பதற்குக் கொக்குகளும் நாரைகளும் கரண்டிவாயன்களும் அக்குட்டைகளைச் சுற்றிக் கூடுகின்றன. பரந்த ஏரியில் எட்டத்தில் தெரிந்த பறவைகள், இப்போது பாதைக்கு அருகிலேயே இரை தேடும். ஆமைகள் மரக்கட்டைகளின் மேல் வரிசையாக வெயில் காயும். மீன்கொத்தி நீருக்கு மேலுள்ள கிளையில் அமர்ந்து குறிபார்க்கும்.

சாரசக்கொக்கு இங்கேயே தங்கி வாழும் பறவை. நின்றால் ஏறத்தாழ ஆறடி உயரம் இருக்கும். பறக்கும் பறவைகளுள் மிக உயரமானது இதுவே. ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் திரியும். ஒன்று குரல் எழுப்ப, மற்றொன்று உடனே சேர்ந்துகொள்ளும். மரங்களிலிருந்து குயிலின் குரலும் இக்காலத்தில் கேட்கத் தொடங்கும்.

மேலும், தெற்கே குளிர்காலத்தைக் கழித்த நீலச்சிறகி போன்ற வாத்துகள், வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் இத்தகைய நீர்நிலைகளில் இறங்கி இளைப்பாறும். தமிழ்நாட்டின் ஏரிகளுக்கு வந்து திரும்பும் பறவைகளும் இவ்வகையில் உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் வரித்தலை வாத்துகள் வருகின்றன. மங்கோலியா, திபெத்து போன்ற உயர்ந்த நிலங்களில் குஞ்சு பொரிக்கும் அவை, இமயமலையைக் கடந்து வந்து, மீண்டும் அதனைக் கடந்தே திரும்புகின்றன.

பறவைகளின் இவ்விடப்பெயர்ச்சியைத் தமிழில் 'வலசை' என்பர். வெளியூரில் வறுமையுற்று நின்ற சத்திமுத்தப் புலவர், நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக அனுப்பும் தனிப்பாடல் புகழ்பெற்றது. தெற்கே குமரி வரை செல்லும் நாரை மீண்டும் வடக்கே திரும்பும் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். குஞ்சு பொரிப்பது ஓரிடம். குளிருக்கு இரை தேடிச் செல்வது மற்றோரிடம். வலசை வரும் பறவைக்கு இரண்டும் சொந்த ஊர்களே. இரண்டில் எது கெட்டாலும் அப்பறவைக்கு வாழ்வு இல்லை.

ஒரே நாரை, இரண்டு மழை

பரத்பூரில் மார்ச் மாதம் மஞ்சள்மூக்கு நாரையின் கூடுகள் வெறுமையாக இருக்கும் என்று கண்டோம். அதே மாதத்தில், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலில், அதே இன நாரையின் கூடுகளில் குஞ்சுகளைக் காணலாம். ஒரே பறவை, ஒரே மாதம். ஆயினும் நிகழ்வது வேறு. இதற்குக் காரணம் என்ன?

நாரை, குஞ்சுகளுக்கு மீன் மிகுதியாகக் கிடைக்கும் காலம் பார்த்தே முட்டையிடுகிறது. மீன் பெருகுவதற்கு ஏரியில் நீர் நிறைய வேண்டும். பரத்பூரின் நீர்நிலையை நிறைப்பது தென்மேற்குப் பருவமழை. வேடந்தாங்கல் ஏரியை நிறைப்பதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியது. ஆகவே, வடக்கே ஆகஸ்டு வாக்கில் தொடங்கும் கூடு கட்டும் பணி, வேடந்தாங்கலில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் தொடங்குகிறது. மழை மாறினால் நாள்காட்டியும் மாறுகிறது.

வேடந்தாங்கல் மக்கள் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரமாகும் என்பதால், பறவைகளை வேட்டையாட அவர்கள் இடங்கொடுக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் அதற்கான உரிமையைப் பெற்றனர். இங்கு நீரைத் தேக்கியது உழவுக்காக. பறவைகள் தாமே வந்து சேர்ந்தன.

மே, ஜூன் மாதங்களில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் வேடந்தாங்கலுக்குச் சென்றால் பெரும்பாலும் வெற்று மரங்களையே காண்பர். குறைந்துபோன ஏரியைப் பார்த்து, 'இங்குப் பறவைகளே இல்லை' என்று முடிவு செய்வது தவறு. வந்த காலம்தான் பொருந்தவில்லை.

வராத கொக்கு

பூங்காப் பயணம் வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்குக் கேவலாதேவின் அண்மைக்கால வரலாறே சான்று. தூய வெண்ணிறச் சைபீரியக் கொக்கு, மேற்குச் சைபீரியாவிலிருந்து 5000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் இங்கு வந்தது. 1960-களில் ஏறத்தாழ இருநூறு கொக்குகள் வந்தன. பின்னர் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்தது. 2001-2002 குளிர்காலத்தில் ஓர் இணை மட்டுமே வந்தது. அதன்பின் அவை வரவேயில்லை. வலசைப் பாதையில் நிகழ்ந்த வேட்டையும், வழியிலுள்ள ஈரநிலங்கள் அழிந்ததும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பரத்பூரில் காவல் இருந்தும், பாதை முழுவதும் காவல் இல்லை.

நீரும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி கன அடி நீர் பூங்காவுக்குத் தேவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின் பூங்காவுக்கு வரும் நீர் குறைந்தது. மேற்பகுதி உழவர்களுக்கும் நீர் வேண்டும். கீழ்ப்பகுதிப் பறவைகளுக்கும் நீர் வேண்டும். இவ்வழக்கு எளிதில் தீரக்கூடியது அன்று. இப்போது கோவர்தன் வடிகாலிலிருந்தும், சம்பல் ஆற்றிலிருந்து குழாய் வழியாகவும் பூங்காவுக்கு நீர் கொண்டுவரப்படுகிறது.

சுற்றியுள்ள சிற்றூர் மக்களையும் மறக்கலாகாது. தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட 1982-ஆம் ஆண்டில் கால்நடை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறைகளாக அங்கு எருமை மேய்த்த மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. மேய்ச்சல் நின்றபின் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. எருமைகள் தின்று வந்த புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. வாத்துகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. மேய்ச்சல் முற்றிலும் தீமை அன்று என்பதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துரைத்தனர்.

தமிழ்நாட்டு நிலங்களைக் கெடுக்கும் சீமைக்கருவேலம் இப்பூங்காவிலும் பரவியது. அம்மரங்களை வேருடன் அகற்றும் பணியில் சுற்றுப்புறச் சிற்றூர் மக்களே ஈடுபடுத்தப்பட்டனர். வெட்டிய விறகு அவர்களுக்கே உரியதாயிற்று. ஒரு காலத்தில் எதிரெதிரே நின்ற பூங்காவும் மக்களும் ஒன்றுசேர்ந்த பணி அது.

திட்டமிடும் முறை

இனி, டெல்லியில் வாழும் ஒரு குடும்பம் மார்ச் விடுமுறையில் கேவலாதேவ் செல்வதாகக் கொண்டு, திட்டமிடும் படிகளைக் காண்போம்.

1. காலத்தை அறிதல்: எந்த வாரம் செல்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மார்ச் தொடக்கத்தில் சில வாத்துகள் எஞ்சியிருக்கும். இறுதியில் அவை மேலும் குறையும். தேர்வு முடிந்த மறுநாளே புறப்படுவது நன்று. அவ்வாண்டில் மழை எப்படி, பூங்காவில் நீர் உள்ளதா என்பதையும் விசாரிக்க வேண்டும். ஹோலி நாளன்று வழியிலும் ஊரிலும் கூட்டம் மிகும் என்பதால் அந்நாளைத் தவிர்க்கலாம்.

2. வழியை அறிதல்: டெல்லியிலிருந்து மதுரா வழியாகச் செல்லும் தொடர்வண்டிகள் பல பரத்பூரில் நிற்கின்றன. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது கடினம். ஆகவே, போகவும் வரவும் முன்பதிவு செய்தல் வேண்டும். நிலையத்திலிருந்து பூங்கா வாயில் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது.

3. நேரத்தைப் பகுத்தல்: பறவைகள் காலையிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இருக்கும். மார்ச் இறுதியில் நண்பகல் வெயில் கடுமையானது. எனவே, ஒரே நாளில் சென்று திரும்புவதைவிட ஓரிரவு தங்குவது பயன் தரும். முதல் நாள் பிற்பகல் வாயிலுக்கு அருகிலுள்ள பகுதியைக் காணலாம். மறுநாள் கதிரவன் எழும் வேளையில் நுழைந்து, கோயில் வரை சென்று, வெயில் ஏறுமுன் திரும்பலாம். எஞ்சிய நேரத்தில் பரத்பூரின் லோகாகர் கோட்டையைக் காணலாம்.

4. செலவைக் கணக்கிடுதல்: பயணச் சீட்டு, தங்குமிடம், நுழைவுக் கட்டணம், மிதிவண்டி வாடகை, வழிகாட்டியின் ஊதியம், உணவு என்று தனித்தனியே எழுதிக் கூட்ட வேண்டும். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால், வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்தே எழுத வேண்டும். மாணவர் சலுகை உண்டா என்று கேட்டறிதல் நன்று. பள்ளி அடையாள அட்டையை உடன் எடுத்துச் செல்லல் வேண்டும்.

5. எடுத்துச் செல்வன: குடிநீர், தொப்பி, நடப்பதற்கேற்ற காலணி, குறிப்பேடு, எழுதுகோல், இருந்தால் தொலைநோக்கி. காலையில் குளிர் இருக்கும் என்பதால் மெல்லிய மேலாடை ஒன்றும் தேவை. பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற ஆடைகள் ஏற்றவை. பளிச்சிடும் நிறங்கள் பறவைகளை அச்சுறுத்தும்.

பூங்காவுக்குள்

கேவலாதேவில் புலி முதலிய பெரிய விலங்குகளைத் தேடிச் செல்லும் வண்டிப் பயணம் இல்லை. நடந்தோ, மிதிவண்டியிலோ, மிதிரிக்ஷாவிலோ செல்லலாம். இங்கு ரிக்ஷா ஓட்டுபவர்களுள் பலர் பறவைகளை அடையாளம் காண்பதில் தேர்ந்தவர்கள். இலைகளுக்குள் அசையாமல் உறங்கும் ஆந்தையை அவர்கள் சுட்டிக்காட்டிய பின்பே மற்றவர் கண்ணுக்கு அது புலப்படும். அவர்களை 'ஐயா' என்று மதித்து அழைத்து, வினவி அறிந்துகொள்வது பயணத்தின் பயனைப் பெருக்கும்.

பாதையை விட்டு விலகுதல், உரக்கப் பேசுதல், உணவு எறிதல், கூட்டை நெருங்குதல், கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அழைத்தல் ஆகியவை கூடா. நீண்ட வலசைக்கு ஆயத்தமாகும் பறவை, உடலில் கொழுப்பைச் சேர்க்கும் காலம் இது. ஒருமுறை அஞ்சிப் பறந்தாலும் அது சேர்த்த வலிமையில் ஒரு பகுதி வீணாகும்.

கண்டவற்றை உடனுக்குடன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாள், நேரம், இடம், நீரின் அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகிய ஏழும் இருந்தால் அது நல்ல குறிப்பு.

பறவையின் பெயரைத் தமிழில் எழுதுவது எளிது. ஏனெனில் பல பெயர்கள் பறவையின் இயல்பையே சொல்லிவிடுகின்றன. அலகு கரண்டி போன்றிருந்தால் கரண்டிவாயன். அரிவாள் போல் வளைந்திருந்தால் அரிவாள்மூக்கன். அலகின் நடுவே இடைவெளி கொண்டு நத்தையைப் பிடித்து உண்பது நத்தைகுத்தி நாரை. உடலை நீருக்குள் மறைத்து, கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. நெற்றியில் நாமம் இட்டாற்போல் வெண்மை கொண்டது நாமக்கோழி. மிதக்கும் இலைகளின்மேல் நடப்பது இலைக்கோழி. பெயரை அறிந்தவர் பறவையைக் கண்டதும் அடையாளம் காண்பர்.

முடிவுரை

விடுமுறை நாள்களை மாற்றுவது மாணவர் கையில் இல்லை. மழைக்கும் பறவைக்கும் நாள் குறிப்பதும் யார் கையிலும் இல்லை. இரண்டும் எங்கே பொருந்துகின்றன என்று கண்டறிவதே திட்டமிடுதல். மார்ச் மாதத்தில் கேவலாதேவ் செல்பவர், பறவைகள் நிறைந்த ஏரியைக் காணமாட்டார். பறவைகள் விடைபெறும் ஏரியைக் காண்பார். அதே ஏரியை அக்டோபரில் மீண்டும் காணச் சென்றால், குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தப் பறவை திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதை அக்குறிப்பேடே சொல்லும்.

சொல்லும் பொருளும்

வலசை – பறவைகள் பருவத்துக்கேற்ப இடம்பெயர்தல்
புகலிடம் – பாதுகாப்பாகத் தங்கும் இடம்
மதகு – ஏரிநீரைத் திறந்துவிடும் வாயில்
பாத்தி – கரை கட்டிப் பிரிக்கப்பட்ட நிலப்பகுதி
எச்சம் – பறவைகளின் கழிவு
வளை – விலங்குகள் வாழும் நிலப்பொந்து
அலகு – பறவையின் மூக்கு

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு ______.
2. பறக்கும் பறவைகளுள் மிக உயரமானது ______.
3. வேடந்தாங்கல் ஏரியை நிறைப்பதில் பெரும்பங்கு ______ பருவமழைக்கு உரியது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அஜான் அணை யாருடைய காலத்தில் கட்டப்பட்டது?
2. நாமக்கோழிக்கு அப்பெயர் வந்த காரணம் யாது?
3. நீர் குறையும்போது கொக்குகள் குட்டைகளைச் சுற்றிக் கூடுவது ஏன்?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. மார்ச் மாதத்தில் பரத்பூரின் நாரைக் கூடுகளும் வேடந்தாங்கலின் நாரைக் கூடுகளும் வேறுபடுவது ஏன்?
2. மேய்ச்சலைத் தடைசெய்ததால் கேவலாதேவில் ஏற்பட்ட விளைவுகள் யாவை?

ஈ. சிந்தித்து விடை எழுதுக.
ஆற்றுநீர் உழவர்களுக்கும் வேண்டும், பூங்காவுக்கும் வேண்டும். நீர் குறைந்த ஆண்டில் அதனைப் பகிர்ந்துகொள்வது எவ்வாறு? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. மொழிப்பயிற்சி
1. பிரித்து எழுதுக: நீர்ப்பரப்பு, அவ்வேறுபாடு, இடப்பெயர்ச்சி.
2. 'வளை', 'அலகு' ஆகிய சொற்களுக்கு வேறு பொருள்களும் உண்டு. அவற்றை அறிந்து தொடரில் அமைத்து எழுதுக.

ஊ. செயல்திட்டம்
1. நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள பூங்கா அல்லது ஏரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் உள்ள ஐந்து படிகளின்படி இரண்டு நாள் பயணத் திட்டம் ஒன்றை எழுதுக.
2. தமிழ்நாட்டில் உள்ள உங்கள் தாத்தா, பாட்டி, மாமா அல்லது அத்தையிடம் தொலைபேசியில் பேசி, அவர்களின் ஊர் ஏரிக்கோ குளத்துக்கோ இந்த மாதம் வந்துள்ள பறவைகளின் பெயர்களைக் கேட்டறிக. அதே வாரத்தில் உங்கள் ஊரில் நீங்கள் கண்ட பறவைகளின் பெயர்களுடன் அவற்றை அட்டவணைப்படுத்துக. இரண்டு ஊர்களிலும் உள்ள பறவைகளின் பெயர்களை வட்டமிடுக.